கொச்சியின் யூதக் காந்தி

கேரளத்துக் கொச்சித் துறைமுகத்தை அடுத்து மட்டாஞ்சேரி என்றொரு பகுதி உண்டு. மிளகும் ஏலமும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகளைக் கடந்து சென்றால் யூதர் தெரு என்னும் ஒடுங்கிய வீதியை அடையலாம். அவ்வீதியின் முடிவிலே, 1568ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற ஜெபாலயம் ஒன்று நிற்கின்றது. பரதேசி ஜெபாலயம் என்பது அதன் பெயர். நம் கோயில்களிற் போலவே அங்கும் காலணிகளைக் களைந்துவிட்டுத்தான் உள்ளே செல்லவேண்டும். வெறுங்காலுடன் நுழைவோரின் பாதங்களைச் சில்லென்று தொடுவது, 18ஆம் நூற்றாண்டிலே சீன தேசத்திலிருந்து வருவிக்கப்பட்ட ஓடுகள் பதித்த தரை. வெள்ளை ஓடுகளின்மேல் நீல வண்ணச் சித்திரங்கள் கையாலே தீட்டப்பெற்றிருக்கின்றன.

அங்கு செல்வோர் பெரும்பாலும் அண்ணாந்தே பார்ப்பர். விதானத்திலிருந்து தொங்கும் கண்ணாடி விளக்குகள் அவர்தம் கண்களைக் கவரும். நான் சென்றபொழுது என் பார்வை தரையிலேயே நின்றது. அந்த அழகிய தரையின் வரலாற்றை நான் முன்னரே படித்திருந்ததுதான் அதற்குக் காரணம். அதே கடவுளை, அதே மொழியில், அதே வேதத்தைக் கொண்டு வழிபட்ட ஒரு சாரார், பல தலைமுறைகளாக அங்கே ஆசனத்தில் அமரும் உரிமையின்றிப் பின்புறத்துத் தரையிலும் படிகளிலும் இருத்தப்பட்டனர். அவர்களிடையே பிறந்து, அந்தத் தரையிலிருந்து எழுந்து நின்ற ஒரு மனிதரின் கதையையே இங்கே சொல்லப் புகுகின்றேன். ஆபிரகாம் பாராக் சாலேம் என்பது அவர் பெயர். யூதக் காந்தி என்று அவரைப் பிற்காலத்தார் அழைத்தனர். மட்டாஞ்சேரி வீதியொன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

சாலேமின் வாழ்வை விளங்கிக்கொள்வதற்குக் கொச்சி யூதரின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். சேரநாட்டுக் கடற்கரையில் யூதர் குடியேறிய காலம் மிகத் தொன்மையானது. கொடுங்கல்லூரிலே வாழ்ந்த அவர்தம் தலைவரான ஈசுப்பு இரப்பான் என்பவருக்கு, கி.பி. 1000ஆம் ஆண்டளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் எழுபத்திரண்டு உரிமைகளை வழங்கிச் செப்பேடு பொறித்துக் கொடுத்தான். யூசேப்பு ரப்பான் என்னும் எபிரேயப் பெயரே அவ்வேட்டில் ஈசுப்பு இரப்பான் ஆயிற்று. அது வட்டெழுத்திலே எழுதப்பட்டது. தமிழ் கற்றோருக்கு அதன் சொற்கள் அந்நியமாகத் தோன்றா. அச்செப்பேடு பரதேசி ஜெபாலயத்திலேயே பேணப்பட்டு வந்தது என்பதை நாம் மனத்தில் இருத்திக்கொள்ளுதல் நன்று.

இவ்வாறு தொன்றுதொட்டு வாழ்ந்துவந்தோரை மலபாரி யூதர் என்பர். நிறத்தால் அவர்கள் அந்நாட்டு மக்களைப் போன்றவர்கள். ஸ்பெயின் நாடு 1492ஆம் ஆண்டில் யூதரை நாடு கடத்தியது. அதன்பின் அங்கிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் கடல்கடந்து வந்து கொச்சியிற் குடியேறியோர் பரதேசி யூதர் எனப்பட்டனர். வெளிர்நிறம் உடையோராதலின் வெள்ளை யூதர் என்றும் அவர்களை அழைப்பதுண்டு. மலபாரி யூதருக்குக் கொச்சியிலும் எர்ணாகுளத்திலும் பறவூரிலும் சேந்தமங்கலத்திலும் மாளையிலும் தனி ஜெபாலயங்கள் இருந்தன. ஆகவே, வெள்ளை யூதர் அவர்களை எவ்வளவு தாழ்த்தி எண்ணினாலும், தம் ஆலயத்தில் அவர்கள் தாமே தலைவராய் இருந்தனர்.

மூன்றாவதாக ஒரு சாரார் இருந்தனர். அவர்கள் நிலைதான் மிகவும் இரங்கத்தக்கது. பரதேசி யூதரின் இல்லங்களிலே அடிமைகளாயிருந்து, யூத சமயத்திற் சேர்க்கப்பட்டுப் பின்னர் விடுதலை பெற்றோரின் வழிவந்தவர்கள் என்று அவர்கள் கருதப்பட்டனர். மெசுக்ராரிம் என்று எபிரேய மொழியில் அவர்களுக்குப் பெயர். விடுவிக்கப்பட்டோர் என்பது அதன் பொருள். இச்சொல்லை எண்ணுந்தோறும் என் மனம் துணுக்குறுகின்றது. ஒருவனைப் பார்த்து, நீ விடுவிக்கப்பட்டவன் என்று ஒருமுறை சொன்னால் அது விடுதலை. அவன் மகனையும் பேரனையும் பூட்டனையும் பார்த்து அதனையே சொல்லிக்கொண்டிருந்தால் அதுவே விலங்காகிவிடுகின்றது.

பரதேசி ஜெபாலயத்தைத் தவிர அவர்களுக்கு வேறு ஆலயம் இல்லை. அங்கோ ஆசனம் இல்லை. தோரா என்னும் வேதச்சுருளை வாசிக்க அழைக்கப்பெறுவது யூத ஆடவன் ஒவ்வொருவனுக்கும் உரிய பெருமை. அதுவும் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. வெள்ளை யூதர் அவர்களோடு மணவுறவு கொள்வதில்லை. கொச்சியிலே பட்டம்பெற்ற ரபிமார் இருந்ததில்லை. கற்றறிந்த இல்லறத்தாரே வழிபாட்டை நடத்தினர். அதாவது, வேதத்தைச் செவ்வனே ஓதத் தெரிந்த எவனும் ஓதலாம் என்னும் நல்வழக்கம் நிலவிய ஊர் அது. அந்த ஊரிலேதான், ஓதத் தெரிந்தும் ஓதக்கூடாதவர் என்று ஒரு கூட்டம் ஒதுக்கிவைக்கப்பட்டது.

யூத அறநூல் இதற்கு இடங்கொடுத்ததா? கொடுக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டிலேயே இந்த வினா கொச்சியிலிருந்து கெய்ரோ நகருக்குச் சென்றது. அங்கிருந்த பேரறிஞர் தாவீது இபின் அபி சிம்ரா, முறைப்படி சமயத்திற் சேர்க்கப்பட்டோர் முழு யூதரே, அவரோடு மணவுறவு கொள்ளத் தடையில்லை என்று தீர்ப்பளித்தார். 1880களில் எருசலேமின் தலைமை ரபியாயிருந்த ரபாயேல் மேயீர் பனிசேலும் அதே கருத்துப்படவே விடை எழுதினார். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக நூல் ஒன்று சொல்ல, வழக்கம் வேறொன்று செய்தது. சமயநூல் சமத்துவத்தைக் கூறினாலும், பிறப்பை வைத்து மனிதரை அளக்கும் சூழல் வென்றுவிட்டது. சுற்றியிருந்த சாதி அமைப்பின் காற்று ஜெபாலயத்தின் சாளரங்கள் வழியாகவும் உள்ளே புகுந்துவிட்டது என்றே சொல்லவேண்டும்.

ஒடுக்கப்பட்டோர் வாளாவிருந்துவிடவும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே அவோ என்பவரின் தலைமையில் ஒரு பகுதியினர் பிரிந்து, அப்பொழுது ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த கோட்டைக் கொச்சிக்குச் சென்று தனியே வழிபாடு நடத்த முயன்றனர். அம்முயற்சி நிலைக்கவில்லை. மீண்டும் பழைய தெருவுக்கே, பழைய தரைக்கே அவர்கள் திரும்பவேண்டியதாயிற்று.

இத்தகைய சூழலில், 1882ஆம் ஆண்டிலே சாலேம் பிறந்தார்.

அவருக்குக் கிடைத்த ஒரே ஏணி கல்வி. எர்ணாகுளத்து மகாராசாக் கல்லூரியிற் பயின்றார். பின்னர் சென்னைக்குச் சென்று பட்டப்படிப்பையும் சட்டக் கல்வியையும் மேற்கொண்டார். கொச்சி யூதருள் முதன்முதலாகப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர் அவரே. வெள்ளை யூதரிலே செல்வர் இருந்தனர், வணிகர் இருந்தனர், அரசவையிற் செல்வாக்குடையோரும் இருந்தனர். ஆயினும் முதற் பட்டதாரி, இருக்கை மறுக்கப்பட்ட குடும்பத்திலிருந்தே தோன்றினார். ஆசிரியத் தொழிலில் உள்ளோர் இதனை வியப்பாகக் கொள்ளமாட்டார்கள். வகுப்பின் பின்வரிசையிலே ஒதுங்கியிருக்கும் பிள்ளையின் கண்களில் ஒளிரும் தாகத்தை அவர்கள் அறிவார்கள்.

சட்டம் கற்றுத் திரும்பிய சாலேம் எர்ணாகுளத்திலே வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். அவர் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். வாரநாட்களிலே நீதிமன்றத்தில் எழுந்து நின்று பிறர் உரிமைக்காக வாதாடுவார். நீதிபதி செவிசாய்ப்பார். ஓய்வுநாள் வந்து ஜெபாலயத்திற் புகுந்தால், அவர் குரலுக்கு அங்கே இடமில்லை. மன்றத்தில் அவர் கற்றவர். ஆலயத்தில் அவர் விடுவிக்கப்பட்டவரின் வழித்தோன்றல். கல்வி ஒருவனுக்குத் தருவது வருவாய் மட்டுமாயின் இந்த முரண்பாட்டைப் பொறுத்துக்கொண்டு வாழ்ந்துவிடலாம். சாலேமுக்கு அது இயலவில்லை.

அவர் முன்னே மூன்று வழிகள் இருந்தன என்று எனக்குத் தோன்றுகின்றது. முதலாவது, ஜெபாலயத்தை முற்றாகத் துறந்து, புதிய கல்வியாளருள் ஒருவராய்ச் சமயத்தையே மறந்து வாழ்தல். இரண்டாவது, அவோ செய்ததுபோலத் தனிக்கூடம் அமைத்தல். மூன்றாவது, உள்ளே நின்று உரிமை கேட்டல். முதலிரண்டும் எளிது எனச் சொல்லமாட்டேன். எனினும் மூன்றாவதே மிகவும் கடினமானது. நாள்தோறும் அவமதிப்பைக் கண்ணெதிரே கண்டுகொண்டு, வெறுப்புக்கு இடங்கொடாமல் நிற்கவேண்டும். சாலேம் அதனையே தேர்ந்தார்.

அக்காலம் கேரளம் விழித்தெழுந்த காலம். கொச்சிக்கு அண்மையிலுள்ள வைக்கத்திலே, கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் ஒடுக்கப்பட்டோரும் நடக்க உரிமை வேண்டி 1924ஆம், 1925ஆம் ஆண்டுகளிற் சத்தியாக்கிரகம் நடந்தது. காந்தியடிகளின் நெறி வீடுதோறும் பேசப்பட்டது. அந்த நெறியைச் சாலேம் தம் ஜெபாலயத்திற்குக் கொண்டுசென்றார். சிலகாலம் அவர் அங்கு வழிபடச் செல்லாது புறக்கணித்தார். சிலர் அதனைப் பிடிவாதம் என்றிருக்கலாம். எனக்கோ அது பேரன்பின் வேறொரு வடிவமாகவே தோன்றுகின்றது. வேண்டாத வீட்டை எவரும் புறக்கணிப்பதில்லை, மறந்துவிடுவர். தமது வீடு என்று உரிமை கொண்டாடுபவரே வாசலில் நின்று மன்றாடுவர்.

இதற்குச் சான்று தேடி அலையவேண்டியதில்லை. 1929ஆம் ஆண்டிற் சாலேம் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலை எழுதி எர்ணாகுளத்தில் அச்சிட்டார். நித்திய ஒளி என்பது அதன் தலைப்பின் பொருள். நூலின் பொருளோ, தமக்கு இருக்கை தராத அதே யூதர் தெரு ஜெபாலயந்தான். நம் கோயில்களிலே தூண்டாமணி விளக்கு எரிவதுபோல, ஜெபாலயத்தில் வேதப்பேழையின் முன்னே அணையாவிளக்கு ஒன்று எரியும். அதன் பெயரையே அவர் தம் நூலுக்குச் சூட்டினார். தம்மைத் தரையில் இருத்திய வீட்டின் வரலாற்றை உலகுக்கு எடுத்துச் சொல்ல முன்வந்தவரின் உள்ளம் எத்தகையது! பழிக்குப் பழி வாங்க விரும்பும் ஒருவர் அந்நூலை எழுதியிருக்க முடியாது. அந்த ஆலயத்தின் பெருமையை அதன் சொந்தக்காரர் எனத் தம்மை எண்ணிக்கொண்டோரிலும் அவர் ஆழமாக உணர்ந்திருந்தார்.

ஜெபாலயத்தின் வாசலோடு அவர் பணி நின்றுவிடவில்லை. கொச்சிச் சமஸ்தானத்தின் சட்டசபையில் 1925 முதல் 1931 வரையும், மீண்டும் 1939 முதல் 1945 வரையும் உறுப்பினராய் இருந்தார். தொழிலாளர் சங்க இயக்கத்துக்கு ஆதரவளித்தார். 1929ஆம் ஆண்டின் இறுதியிலே இந்திய தேசியக் காங்கிரஸ் லாகூரிற் கூடி முழு விடுதலையே வேண்டும் என்று தீர்மானித்தபொழுது அங்கே சென்றிருந்தோருள் அவரும் ஒருவர். நாடு விடுதலை கேட்கும்பொழுது ஊர் விடுதலை கேட்டது. ஊர் கேட்கும்பொழுது ஆலயத்தின் பின்வரிசையும் கேட்டது. அவருக்கு இவை மூன்றும் ஒரே வழக்கின் மூன்று பகுதிகளாகவே பட்டிருத்தல் வேண்டும். தம் சமூகத்துக்கு மட்டும் நீதி கேட்பவனின் குரல் விரைவில் மங்கிவிடும். பிறர் நீதிக்கும் குரல் கொடுப்பவனின் சொல்லை எதிரியும் எளிதில் தள்ளிவிட இயலாது.

பல்லாண்டுகள் சென்றன. 1930களிலும் 1940களிலும் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஒரே நாளிற் கதவு திறந்துவிடவில்லை. முதலில் ஓர் இருக்கை. பின்னர் ஒரு வாசகம். அதன்பின் வேறொரு சிறு சலுகை. அந்தந்த வேளையிலே பார்ப்போருக்கு அவை அற்பமாகத் தோன்றியிருக்கும். நாட்குறிப்பு எழுதும் வழக்கமுடைய சாலேம் தம் காலத்து நிகழ்ச்சிகளைப் பதிந்து வைத்தார். பின்வந்த வரலாற்றாசிரியர்கள் கொச்சி யூதரைப் பற்றி எழுதும்பொழுது அக்குறிப்புகள் அவர்களுக்குப் பெருந்துணையாயின. வழக்கறிஞர் அல்லவா! சான்று இல்லாத உண்மை மன்றத்தில் நில்லாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

1950ஆம் ஆண்டளவிற் சாலேமின் மைந்தருள் ஒருவர் வெள்ளை யூதக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். நூற்றாண்டுகளாக எவரும் தாண்டாத வேலி அது. கெய்ரோவிலிருந்தும் எருசலேமிலிருந்தும் வந்த தீர்ப்புகள் சாதிக்காததை இரண்டு இளம் உள்ளங்கள் சாதித்தன. எல்லோரும் அதனை இன்முகத்தோடு ஏற்றுவிடவில்லை. ஆயினும், ஒருமுறை தாண்டப்பட்ட வேலி மீண்டும் பழைய வேலி ஆவதில்லை.

சாலேமின் வாழ்வில் இன்னொரு பெரும் பகுதி உண்டு. 1933ஆம் ஆண்டிலே பாலஸ்தீனம் சென்று வந்தபின் அவர் சீயோன் இயக்கத்திலும் நாட்டங் கொண்டார். 1948ஆம் ஆண்டில் இஸ்ரேல் என்னும் நாடு உருவாயிற்று. அப்பொழுது கொச்சி யூதர் அனைவரும் ஏறத்தாழ 2500 பேர். அவர்களிலே பெரும்பான்மையினரான மலபாரி யூதர் அங்கே சென்று குடியேற விரும்பினர். விரும்பியும் உடனே செல்ல முடியவில்லை. கொச்சிப் பகுதியிலே பரவியிருந்த யானைக்கால் நோய் தங்கள் நாட்டிலும் பரவிவிடும் என்று இஸ்ரேல் அதிகாரிகள் அஞ்சித் தயங்கினர். வீடுவாசலை விற்றுவிட்டுக் காத்திருந்த ஏழைக் குடும்பங்கள் பெரிதும் இடருற்றன.

அப்பொழுது எழுபது வயதைக் கடந்திருந்த சாலேம், 1953ஆம் ஆண்டில் இஸ்ரேல் சென்று அவர்களுக்காகப் பேசினார். மலபாரி யூதர் அவருடைய ஆலயத்தைச் சேர்ந்தோர் அல்லர். அவர் பிறந்த சிறுகூட்டத்தினரும் அல்லர். எனினும், வாசலில் நிறுத்தப்பட்டோரின் துயரத்தை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்? முன்னர் ஓர் ஆலயத்தின் வாசல். இப்பொழுது ஒரு நாட்டின் வாசல். 1954ஆம், 1955ஆம் ஆண்டுகளிலே பெருந்தொகையானோர் புறப்பட்டுச் சென்றனர். நெகேவ் பாலைநிலத்திலுள்ள நெவாத்தீம் முதலிய உழவர் குடியிருப்புகளில் அவர்கள் குடியேறினர். பசுமை நிறைந்த நாட்டிலே வணிகமும் சிறுதொழிலும் செய்துவந்தவர்கள், வறண்ட மண்ணைப் பண்படுத்தி வாழக் கற்றுக்கொண்டனர். ஜெபாலயம் அமைத்துத் தம் வழிபாட்டு முறையையும் பேணினர். கைப்படி ஏடுகளில் எழுதிவைத்துப் பெண்கள் பாடிவந்த மலையாளப் பாடல்களும் அவர்களோடு கடல் கடந்தன.

பிறரை அனுப்பிவைத்த சாலேமோ கொச்சியிலேயே தங்கிவிட்டார். தம் வாழ்நாளெல்லாம் எந்த வீட்டில் இடம் கேட்டுப் போராடினாரோ, அந்த வீட்டின் அயலிலேயே வாழ்ந்து 1967ஆம் ஆண்டிலே காலமானார். அடுத்த ஆண்டு, 1968இல், பரதேசி ஜெபாலயத்தின் 400ஆம் ஆண்டு நிறைவு விழா பெருஞ்சிறப்புடன் நடந்தது. இந்தியப் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் அதிற் கலந்துகொண்டார். நித்திய ஒளியை எழுதியவர் அதனைக் காண இருக்கவில்லை.

இனி ஒன்றைச் சொல்லி முடிக்கின்றேன். யூதரின் கூட்டு வழிபாட்டுக்குப் பருவமெய்திய ஆடவர் பத்துப் பேராவது கூடவேண்டும் என்பது விதி. அவருள் ஒருவர் குறைந்தாலும் வேதச்சுருளை எடுத்து வாசித்தல் இயலாது. சாலேம் மறைந்த பின்னர்ப் பரதேசி யூதரும் ஒருவர்பின் ஒருவராகப் புலம்பெயர்ந்தனர். முதியோர் மறைந்தனர். காலப்போக்கிலே அந்தப் பத்துப் பேருக்காக, வெளிநாட்டிலிருந்து வரும் யூத விருந்தினரை எதிர்பார்க்கும் நிலை உண்டாயிற்று. இன்று அத்தெருவில் பரதேசி யூதர் ஏறத்தாழ எவரும் எஞ்சவில்லை. ஒருகாலத்தில், நீ எங்களுள் ஒருவன் அல்லன் என்று மனிதரைத் தரையில் இருத்திய கூடம், பிற்காலத்திலே வருவோர் எவராயினும் வரட்டும் என்று ஏங்கி நின்றது.

நான் அங்கிருந்து புறப்படும்பொழுது, ஆசனங்கள் வெறுமையாய்க் கிடந்தன. பிறப்பின் பெயரால் வாசல் அடைத்த வரலாறு யூதருக்கு மட்டும் உரியதன்று. நம்மவர் கோயில் வாசல்களும் பள்ளி வாங்குகளும் அதனை நன்கறியும். ஆகவே சாலேமின் கதையை அயலார் கதையென்று மூடிவைக்க எனக்கு மனம் வரவில்லை. கற்ற கல்வியைக் கொண்டு அவர் தமக்கென ஒரு தனி வீடு கட்டிக்கொள்ளவில்லை. ஒரு பழைய வீட்டின் கதவை, அதனை உடைக்காமலே, உள்ளே இருப்போரையும் வெளியே நிற்போரையும் ஒருசேர நோக்கித் திறக்கச் செய்தார். கற்றோர் செய்யத்தக்க பணிகளுள் இதனினும் அரியது ஒன்று உண்டோ என நான் அறியேன்.